மூன்று மூட்டையில் ஒரு மூட்டை

நெற்பயிருக்கு யூரியாவைக் குறைத்துப் போடுவது எப்படி என்று என் மகள் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறாள். அவளைப் படிக்கவைத்த காசு யூரியாவில் வந்தது. மணலியில் யூரியா பிளான்ட் ஆபரேட்டராக ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு திருவொற்றியூரில். "நீ செஞ்சு அனுப்புனதுல பெரும்பகுதி பயிருக்கே போய்ச் சேரலப்பா" என்று அவள் சாப்பிடும்போது சொன்னாள். சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அப்போ எங்க போச்சு?" என்று கேட்டாள். ஆய்வின் மையக் கேள்வியே அதுதான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கத்துக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் யூரியா செய்ய, வேதியியல் கணக்குப்படி சுமார் 567 கிலோ அம்மோனியா வேண்டும். நடைமுறையில் அதற்கு மேல் சில கிலோ போகும். அந்தச் சில கிலோவுக்காக எத்தனை பேர் பேச்சு வாங்கியிருக்கிறோம்! ஒரு வால்வு கசிந்தால், ஒரு பம்பின் சீல் போனால், காலைக் கூட்டத்தில் கேள்வி வரும். நூற்றுக்கு ஒரு பங்கு வீணானாலும் அது செய்தி. அந்தச் சூழலில் காலம் தள்ளிய ஒருவனிடம், வயலில் போட்டதில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் பயிரைச் சேராமலே போகிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். நெல் அதற்குள்ளேதான் நிற்கிறது, ஆனால் அதில் ஒரு துளியைக்கூட எடுத்துக்கொள்ளத் தெரியாது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை உடைத்து ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்க முடியும் என்று ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைப் பெரிய ஆலையாக்கி 1913இல் ஓப்பாவில் ஓட்டினார். இரும்பு வினையூக்கி, நானூறு டிகிரிக்கு மேல் சூடு, நூறு மடங்குக்கும் மேலான காற்றழுத்தம் என்று இன்றும் அடிப்படை அதேதான். உலகில் ஏறக்குறையப் பாதிப் பேரின் சாப்பாடு இந்த ஒரு வினையை நம்பியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள்.

நான் வேலை பார்த்த மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 1966 டிசம்பரில் பதிவானது. மத்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் கூட்டு. பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் ரகத்தை வெளியிட்டதும் அதே 1966இன் கடைசியில்தான். ஏறக்குறைய அதே சமயத்தில் ஆடுதுறையில் ஏ.டி.டி. 27 நெல் ரகம் வந்தது. சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராகவும், எம். எஸ். சுவாமிநாதன் தில்லியில் விஞ்ஞானியாகவும் இருந்த காலம். உர நிறுவனம் வந்ததும் புது நெல் வந்ததும் தனித்தனிச் சேதி அல்ல. பழைய நெட்டை ரகங்களுக்கு உரத்தை அள்ளிப் போட்டால் வைக்கோல் வளரும், கதிர் கனத்ததும் பயிர் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது, போட்ட உரத்தை நெல்லாக்கும். ஆக, குட்டை நெல் வந்ததும் உர ஆலை தேவைப்பட்டது. மணலியில் 1971இல் உற்பத்தி தொடங்கியது. பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் வழியாக நாஃப்தா வரும், அதிலிருந்து ஹைட்ரஜன் எடுப்போம். 2019இல் எண்ணூர்த் துறைமுகத்தில் திரவ எரிவாயு முனையம் திறந்த பிறகு, 2021இல் ஆலை இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. நாஃப்தா வாசம் தெரிந்த தலைமுறை எங்களோடு முடிந்தது.

தண்ணீர்க் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வயலோடு நேராக ஒட்டியது. மணலி ஆலைகளுக்கு அந்தக் காலத்தில் மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்துதான் தண்ணீர் வந்தது. இழுத்த இழுப்பில் கடல்நீர் உள்ளே புகுந்து, மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் உப்பாகிப் போனது ஊரறிந்த விஷயம். பிறகு 1990களில் கொடுங்கையூர்ப் பக்கத்துக் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்த ஆரம்பித்தோம். கழிவுநீரிலும் அம்மோனியா உண்டு. அதுவும் ஆதியில் சோற்றிலும் பருப்பிலும் இருந்த நைட்ரஜன்தான். பாய்லருக்குள் அது போகக்கூடாது என்பதால் ஒரு பக்கம் அதை மெனக்கெட்டு நீக்குவோம். இன்னொரு பக்கம் நாஃப்தாவைக் கொளுத்தி அதே அம்மோனியாவைப் புதிதாகச் செய்வோம். இதை நினைத்து நைட் ஷிப்டில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

என் மகளின் சோதனை வயல் பொன்னேரிப் பக்கம், ஒரு விவசாயியின் நிலத்தில். திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரி. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் போக, பச்சை ஆரம்பிக்கும். சென்னையில் பலருக்கு இவ்வளவு பக்கத்தில் நெல் விளைகிறது என்றே தெரியாது. நெல் ரகம் டி.கே.எம். 13. திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கும் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. பருவம் சம்பா.

முனைவர் ஆய்வு என்றால் கண்ணாடிக் குடுவையும் வெள்ளைக் கோட்டும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் முழங்கால் சேற்றில் நின்று கயிறு பிடித்துக்கொண்டிருந்தாள். வயலைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றின் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகாதபடி இரட்டை வரப்பு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் யூரியாவின் அளவு வேறு, போடும் நேரம் வேறு. எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். நல்ல மண் உள்ள மூலை ஒரே முறைக்குச் சாதகமாகப் போய்விடக்கூடாதாம். ஒரே முறையை வயலின் வெவ்வேறு இடங்களில் திரும்பச் செய்கிறார்கள்.

அதில் ஒரு பாத்திக்கு யூரியாவே கிடையாது. மற்றவை கரும்பச்சையாக நிற்க, அது மட்டும் வெளுத்து நிற்கும். நிலத்துக்காரர் வரப்பில் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, "பாப்பா, அத்த இன்னா பட்டினி போட்டுகினே கீற?" என்பார். அந்தப் பட்டினிப் பாத்திதான் ஆய்வின் உயிர். மண் தானாக எவ்வளவு நைட்ரஜன் கொடுக்கிறது என்பதை அது ஒன்றுதான் சொல்லும். மட்கிய தாள், எரு, மழை, பாசனத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து தரும் பங்கு அது. மற்றப் பாத்திகளின் பயிரில் இருக்கும் நைட்ரஜனிலிருந்து இதைக் கழித்தால், மூட்டையிலிருந்து வந்தது எவ்வளவு என்று கிடைத்துவிடும்.

அறுவடைக்குப் பிறகு நெல்லையும் வைக்கோலையும் காயவைத்து அரைத்து, கொதிக்கும் கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள். பிறகு காரம் சேர்த்து வடித்தால் உள்ளேயிருந்த நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியே வரும். கோபன்ஹேகனில் ஒரு பீர்த் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இருந்த ஜோஹான் கெல்டால் 1883இல் கண்டுபிடித்த முறை, இன்றும் ஓடுகிறது. நாங்கள் டன் கணக்கில் செய்ததை அவள் மில்லிகிராம் கணக்கில் திரும்பப் பிடிக்கிறாள்.

இப்போது மூட்டைக் கணக்கு. நடுத்தர, நீண்ட கால ரகங்களுக்குத் தமிழ்நாட்டில் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ நைட்ரஜன். ஏக்கருக்கு அறுபது கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் இருபது கிலோவுக்குச் சற்று மேல், ஆக ஏக்கருக்கு ஏறக்குறைய மூன்று மூட்டை. நெல் வயலில் போட்ட நைட்ரஜனில் பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான் அந்தப் பயிருக்குள் போகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. மூன்று மூட்டையில் ஒரு மூட்டை, நல்ல வயலில் அதற்குச் சற்று மேல். மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும். மற்றது போய்விடும்.

எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் வயலும் ஒரு ரசாயன ஆலைதான். தண்ணீரில் விழுந்த யூரியாவை மண்ணிலுள்ள நொதி ஒன்று சில நாட்களில் உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். நாங்கள் அழுத்தம் கொடுத்து அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் ஒட்டவைத்தோம், அது சத்தமில்லாமல் பிரித்துவிடுகிறது. தேங்கிய தண்ணீரில் பாசி இருக்கும். வெயில் ஏற ஏறப் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும், தண்ணீரின் காரத்தன்மை கூடும். மதியத்தில் அது 9 பி.எச்.சையும் தாண்டும். அந்த நேரத்தில் அம்மோனியா தண்ணீரில் நிற்காது, காற்றோடு போய்விடும். உப்பும் காரமும் கலந்த நிலத்தில் இழப்பு இன்னும் அதிகம். மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயி ஆலைக்குத் தண்ணீர் கொடுத்து நிலத்தில் உப்பையும் வாங்கிக்கொண்டார், அதனால் உரமும் கூடப் போகிறது என்று நான் சொன்னேன். "அத அப்படியே எழுத முடியாதுப்பா, அளந்து காட்டணும்" என்றாள்.

தப்பித்து மண்ணில் இறங்கியதற்கும் நிம்மதி இல்லை. சேற்றின் மேல்தோலில் காற்று படும் இடத்தில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கும். அது கீழே காற்றில்லாத சேற்றுக்குள் இறங்கினால் வேறு நுண்ணுயிர்கள் பிடித்துப் பழையபடி நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடும். நானூறு டிகிரியில் நாங்கள் செய்ததைச் சாதாரணச் சேற்றுச் சூட்டில் அவை கலைத்துவிடுகின்றன. முழுதாகக் கலைத்தால்கூடப் பரவாயில்லை. பாதி வழியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட, எடைக்கு எடை, 273 மடங்கு. வயலில் ஒளிபுகும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, ஊசியால் உள்ளே இருக்கும் வாயுவை இழுத்துக் குப்பியில் அடைத்துக்கொண்டு போகிறாளே, அது இதை அளக்கத்தான்.

அம்மோனியாவுக்கு எங்கள் பக்கத்தில் அறிமுகம் தேவையில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, கப்பலிலிருந்து எண்ணூர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் உடைந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில். மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணெய்க் கசிவும் வந்துபோன அதே மாதம். உரம் வேண்டும் என்று சொல்லும் யாரும் அந்த ராத்திரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீணாகப் போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் இப்படி ஒரு குழாய், ஒரு கப்பல், ஒரு குப்பம் இருக்கிறது.

சரி, வயலில் என்ன செய்யலாம்? என் மகளின் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கும். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள். இலை வண்ண அட்டை. ஜப்பானில் பிறந்து, பன்னாட்டு நெல் நிறுவனம் பரப்பி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இங்கே பரிந்துரைத்தது. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டுக்கும் பத்துக்கும் நடுவில், மேலிருந்து மூன்றாவது விரிந்த இலையை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். நம் நிழல் அதன்மேல் விழும்படி நின்றுகொள்ள வேண்டும், வெயில் பட்டால் கண் ஏமாந்துவிடும். பத்து இடத்தில் பார்த்து, ஆறு இடத்தில் நான்காம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் மூன்று. மழைப் பருவத்தில் ஒரு தடவைக்கு எக்டேருக்கு 30 கிலோ நைட்ரஜன், அதாவது ஏக்கருக்கு அரை மூட்டைக்குச் சற்று மேல்.

இதன் பின்னாலிருக்கும் கருத்து எளிது. நட்ட நாற்று வேர் பிடிக்கவே பத்து நாளாகும். அப்போது மூட்டையைக் கொட்டுவது கைக்குழந்தைக்குக் கல்யாணப் பந்தி போடுவது மாதிரி. தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும்தான் பயிருக்குப் பசி. அந்த நேரத்தில், தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் படும்படி போட்டு, பிறகு தண்ணீர் கட்டினால் காற்றோடு போவது குறையும். அதிகம் போட்டால் வீண் மட்டுமல்ல, இலை கொழுத்து இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடி வரும். யூரியாவில் மிச்சம் பிடிக்காமல் மருந்துக் கடையிலும் கொடுக்க வேண்டிவரும்.

1990களின் பிற்பகுதியில் ஆசியாவின் ஆறு நாடுகளில் விவசாயிகளின் சொந்த வயல்களில் இதே கேள்வியைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டில் காவிரிப் படுகையும் அதில் இருந்தது. தஞ்சாவூரிலுள்ள மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் ஆர். நாகராஜன் முதலியோர் அதில் வேலை செய்தார்கள். பக்கத்துப் பக்கத்து வயல்களில்கூட மண் தரும் நைட்ரஜன் மிகவும் வேறுபடுகிறது என்பது அங்கே தெரிந்த முக்கியமான விஷயம். அப்படியானால் மாவட்டம் முழுக்க ஒரே அளவு சொல்வது பொருந்தாது. அந்தந்த வயலின் இலையைப் பார்த்துத்தான் போட வேண்டும். என் மகளின் ஆய்வேட்டில் இவர்கள் பெயரெல்லாம் முதல் அத்தியாயத்தில் வரிசையாக வருகிறது.

மூட்டைக்குள்ளேயே தீர்வைப் போட்டுவிடலாம் என்ற முயற்சிகளும் உண்டு. யூரியாவை ஜிப்சத்தோடும் வேப்பம் பிண்ணாக்கோடும் இரவு முழுக்கக் கலந்து வைத்துப் போடும்படி நம் வேளாண் அதிகாரிகள் பல காலமாகச் சொல்லி வந்ததுதான், ஐந்துக்கு நான்கு, ஒன்று என்ற கணக்கில். வேம்பு அந்த நைட்ரேட் நுண்ணுயிர்களைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். 2015இலிருந்து நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. இதனால் பிளைவுட் பசைக்கும் பால் கலப்படத்துக்கும் கடத்துவது கஷ்டமாயிற்று, அது தனி லாபம். 2021இல் வந்த நானோ யூரியா வேறு கதை. அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்றார்கள். அதில் இருந்த நைட்ரஜன் 4 சதவீதம், பாட்டிலுக்கு 20 கிராம். மூட்டையில் 20 கிலோ. ஆபரேட்டர் மூளைக்கு இந்தக் கணக்கு ஏறவே இல்லை. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் இரண்டு ஆண்டுகள் வயலில் சோதித்து, நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்ததாக வெளியிட்டார்கள். தயாரித்தவர்கள் அதை ஏற்கவில்லை. நான் பட்டினிப் பாத்தி வைத்துப் பார்த்தவர்கள் பக்கம்.

இத்தனையும் தெரிந்த பிறகும் விவசாயி ஏன் மாறவில்லை? படிப்பறிவு இல்லை என்று கூட்டங்களில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நிலத்துக்காரர் சொசைட்டியில் கைரேகை வைத்து வாங்கும் மூட்டை 266 ரூபாய் 50 காசு. அரசு ஏற்கும் செலவு அதைப்போலப் பல மடங்கு. 2010இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலையைத் திறந்துவிட்டவர்கள் யூரியாவை மட்டும் தொடவில்லை. 2018இல் மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 ஆக்கிப் பார்த்தார்கள், கொஞ்சம் குறைவாகப் போடட்டும் என்று. இரண்டு மூட்டை போட்டவர் இப்போதும் இரண்டு மூட்டைதான் போடுவார், சரி. ஆனால் நாடு முழுக்க ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டன்னுக்கு மேல் யூரியா போகிறது, அந்த எண் இறங்கியபாடில்லை.

நிலத்துக்காரர் ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டார். "பாப்பா சொல்றது புரியுது சார். வாராவாரம் எலை பாக்கணும், கொஞ்சம் கொஞ்சமா நாலு வாட்டி போடணும். ஒவ்வொரு வாட்டியும் ஆளுக்குக் கூலி மூட்ட வெலைக்கு மேல. ஒரு மூட்ட மிச்சம் பண்ணா எனக்கு எரநூத்தி அறுவது. மிச்சம் கெவுருமெண்டுக்கு. நடுவுல மழ புட்ச்சுகினா, பயிரு வெளுத்துப்போனா, நட்டம் மட்டும் எனுக்கா?"

அவளிடம் சட்டென்று பதில் இல்லை. அந்த ராத்திரி ஆய்வேட்டில் ஒரு செலவு அட்டவணை சேர்த்தாள். யூரியா விலை, தூவும் கூலி, இலை பார்க்கும் நேரம், பூச்சிமருந்தில் மிச்சம், விளைச்சல் என்று பத்தி பத்தியாக. நான் எட்டிப் பார்த்துவிட்டு, மிச்சமாகும் மூட்டைக்கு அரசு கொடுக்காமல் தப்பிக்கும் மானியத்தையும் ஒரு பத்தியாகப் போடு, அதில் பாதியை அவருக்குக் கொடுத்தால் அவர் தினமும் இலை பார்ப்பார் என்றேன். வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பொருளாதாரத் துறைக் கேள்வி என்பார், உழவியல் ஆய்வில் வராது என்று சொல்லிவிட்டு, அடிக்குறிப்பாக மட்டும் போட்டு வைத்திருக்கிறாள். வாய்மொழித் தேர்வில் யாராவது அதைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.